உதகைப் பயணம்: இரவு எங்கே தங்குவது?

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னும், பள்ளித் தேர்வுகள் முடிந்த கையோடும், ஞாயிறு திருப்பலிக்குப் பின் நான் கோயில் வாசலில் நிற்கும் வேளையில் யாரேனும் ஒரு குடும்பத் தலைவர் மெல்ல அருகே வருவார். "ஏனுங்க சாமி, ஊட்டியில தங்கறதுக்கு நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்க. நாங்க பதினாலு பேரு போறோமுங்க" என்பார். பீடச் சிறுவர்களையும் இளைஞர்களையும் அழைத்துக்கொண்டு பலமுறை மலையேறியவன் என்பதால் இக்கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

நல்ல இடம் எது என்பதில் ஒரே வீட்டுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. தாய்மாருக்குச் சுடுநீர் வரவேண்டும். பிள்ளைகளுக்கு ஏரி அருகில் இருக்கவேண்டும். பாட்டிக்குப் படிக்கட்டு ஆகாது. குடும்பத் தலைவருக்கோ வாடகை குறைவாயிருந்தால் போதும். இவை யாவும் நியாயமான விருப்பங்களே. ஆனால் நான் வழக்கமாகத் திருப்பிக் கேட்கும் கேள்வி வேறு. "பதினாலு பேர் என்றீர்களே, பதினைந்தாவது ஆள் எங்கே படுப்பார்?" என்பேன். கேட்பவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு விழிப்பார். வேன் ஓட்டுநரை அவர் எண்ணியிருக்கமாட்டார்.

மேலை நாடுகளில் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு மலைநகரங்களுக்குச் செல்லும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். அவ்வண்டிகள் இரவில் நிற்பதற்கென்றே ஊர்ப்புறத்தில் திடல்கள் உண்டு. சமதரை, குடிநீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீரை இறக்கும் வசதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே அங்குள்ளோர் திடலைத் தெரிவு செய்வர். நம் நாட்டில் இம்முறை இன்னும் தவழும் பருவத்தில்தான் உள்ளது. அண்டை மாநிலமான கேரளம் 2021ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண் மலையில் அத்தகைய வண்டிகளுக்கு ஒரு பூங்காவும் அமைந்தது. நம் அவிநாசிக் குடும்பங்களுக்கு அது எட்டாத செலவு. நாம் போவது வாடகை வேனில். மேலே புளிச்சோற்றுத் தூக்கும் ஜமுக்காளமும், பின்னிருக்கைக்கு அடியில் சிறு எரிவாயு அடுப்பும், நடுவில் பிள்ளைகளும் ஏறிக்கொண்டால் அதுவும் ஓடும் வீடுதான். இரவானதும் நாம் அனைவரும் இறங்கி விடுதிக்குள் போய்விடுகிறோம். அந்த ஓடும் வீட்டில் இரவைக் கழிப்பவர் ஓட்டுநர் ஒருவரே.

அவருடைய வாரம் எப்படிக் கழிகிறது என்பதை நம்மில் பலர் நேரிலேயே அறிவோம். அதிகாலை ஐந்து மணிக்கெல்லாம் சேவூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றி ஆட்களை ஏற்றி, பனியன் கம்பெனி வாசலில் இறக்கிவிடுகிற வேன்களே விடுமுறையில் சுற்றுலா வேன்களாகின்றன. இரவு ஷிப்ட் முடிந்தவர்களை வீடு சேர்ப்பதும் அதே வண்டி, பெரும்பாலும் அதே ஓட்டுநர். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும், "ராத்திரியே கெளம்பிட்டா ஒரு நாள் ரூம் வாடகை மிச்சமுங்க" என்று நாம் கணக்குப் போடுகிறோம். ஆறு நாள் உழைத்த களைப்போடு இரவு பதினொரு மணிக்கு அவர் ஸ்டியரிங் முன் அமர்கிறார். நாம் அன்னூர் தாண்டுவதற்குள் உறங்கிவிடுகிறோம்.

இதை எழுதும் நானே இவ்வகையில் குற்றவாளி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், பீடச் சிறுவர்களோடு உதகை சென்றிருந்தேன். தங்குமிடத்தை ஏற்பாடு செய்தவன் நானே. பிள்ளைகளுக்குக் கம்பளி போதுமா என்று இருமுறை கேட்டு எழுதினேனே தவிர, ஓட்டுநரைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இரவு உணவுக்குப் பின், "நீங்க எங்கே படுப்பீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "வண்டி இருக்குதுங்களே சாமி" என்று சிரித்தார். நானும் அதை விடையாக ஏற்றுக்கொண்டு என் அறைக்குச் சென்று இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டேன்.

விடியுமுன் எழுந்து வெளியே வந்தேன். புல்வெளி எங்கும் உப்புத் தூவியதுபோல் உறைபனி. வேனின் கண்ணாடிகள் வெண்மையாகிவிட்டிருந்தன. ஓட்டுநர் வண்டிக்குப் பக்கத்தில், காகிதத்தையும் சுள்ளியையும் கொளுத்திக் கைகளைக் காய்ச்சிக்கொண்டு குந்தியிருந்தார். எப்போதிலிருந்து அப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "ஒரு மணிக்கு மேல படுக்க முடியலீங்க" என்றார். அவருடைய போர்வை நம் ஊர் மார்கழிக்குப் போதுமான ஒரு பருத்திப் போர்வை.

அன்று பிற்பகலே இறக்கம். குன்னூரைத் தாண்டிய பின், ஒரு கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போது வண்டி திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகச் சென்றது. முன்னிருக்கையில் இருந்த நான் அலறினேன். இடப்பக்கச் சக்கரம் சாலையோரச் சாக்கடைக் கல்லில் மோதி நின்றது. பள்ளம் வலப்பக்கம் இருந்தது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். ஓட்டுநர் இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்து, நெடுநேரம் தலையைத் தூக்கவில்லை. "கண்ணு அசந்துருச்சுங்க" என்பதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. பின்னிருக்கைகளில் பதினொரு பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் என்னை நம்பி அனுப்பியிருந்தனர். பிழை அவருடையதன்று, இடம் தெரிவு செய்த என்னுடையது என்று அன்று எனக்குப் புலப்பட்டது.

அந்தச் சாலையின் இயல்பைச் சற்றே விளக்குவது நலம். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கும் குறைவு. ஆக, குன்னூர் வழியாக வரும் சுமார் 52 கிலோமீட்டருக்குள் வண்டி 1,900 மீட்டர் கீழே இறங்கியாகவேண்டும். இதே சரிவில் இருப்புப்பாதை போட வந்தவர்கள், சாதாரணத் தண்டவாளம் பயன்படாது எனக் கண்டு, கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை பற்சக்கரம் பிடித்து ஏறும் பாதையை அமைத்தனர். பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓரடி உயரம் என்பது அங்குள்ள செங்குத்தான ஏற்றம். 1899இல் குன்னூர்வரையும் 1908இல் உதகைவரையும் அந்த ரயில் ஓடத் தொடங்கிற்று. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ரயிலைப் பிடிக்க வேண்டிய பல் நம் வேனுக்கு இல்லை. அதற்கு இருப்பவை கியரும் பிரேக்கும் ஓட்டுநரின் விழிப்பும்தான்.

மலையில் ஏறிய அதே கியரில்தான் இறங்கவேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பிரேக்கை இடையிடையே தொட்டால் போதும். களைத்த ஓட்டுநர் என்ன செய்கிறார்? சீக்கிரம் வீடு போய்ச் சேரவேண்டும் என்று உயர்ந்த கியரில் இறக்கி, காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்கிறார். பிரேக் சூடேறிப் புகைநாற்றம் வருகிறது. அதற்கு மேலும் மிதித்தால் பிடிமானம் குறைந்துபோகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இது நேரலாகாது. 2023 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, உதகையைப் பார்த்துவிட்டுத் தென்காசி மாவட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று குன்னூரை அடுத்த மரப்பாலம் அருகே பள்ளத்தில் வீழ்ந்து ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவ்விபத்தின் காரணத்தை நான் இங்கே தீர்ப்பளிக்க வரவில்லை. மகிழ்ச்சியாகச் சென்று திரும்புகிறவர்களின் கடைசி ஒரு மணி நேரம் எத்தகையது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஓட்டுநரின் ஓய்வைச் சட்டமும் மறந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரமுமே வேலை என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டியவருக்கு அரைமணி நேரமாவது இடைவேளை வேண்டும் என்றது. ஓரிரு வண்டி வைத்துப் பிழைப்பவர்களிடம் இந்த வரம்புகள் எழுத்தளவில் எட்டுவது அரிது. மற்றொரு விதி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் ஓட்டுநர்கள் உறங்குவதற்குக் கட்டில்களும் குளியலறையும் கழிவறையும் உள்ள கூடம் ஏற்படுத்தவேண்டும் என்று வகுத்தது. பழைய கட்டடங்களில் அதை எதிர்பார்த்துச் செல்ல இயலாது. ஆயினும் கேட்பதற்கு நமக்கு ஒரு வாய்ச்சொல் கிடைத்திருக்கிறது.

ஆதலால் விடுதியைத் தேடும்போது முதற்கேள்வியாக, "ஓட்டுநருக்குக் கட்டில் உண்டா?" என்று கேட்கும்படி நான் சொல்லிவருகிறேன். இதில் இரக்கம் மட்டுமல்ல, உலகியல் விவேகமும் இருக்கிறது. ஓட்டுநருக்கு இடம் ஒதுக்கியிருக்கிற விடுதியில் வண்டி நிற்கவும் திரும்பவும் சமதரை இருக்கும். வாயிற்கதவும் காவலும் இருக்கும். சுடுநீர் எத்தனை பேருக்கு வரும் என்று உரிமையாளர் கணக்கிட்டிருப்பார். "வண்டியை ரோட்டோரம் விட்டுக்குங்க, டிரைவர் அதுலயே படுத்துக்குவாரு" என்று சொல்கிற இடத்தில் மற்றவையும் பெரும்பாலும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும். சுவர்ப்படத்தில் அறை அழகாயிருந்ததை நம்பிப்போய், செங்குத்தான சந்தில் வேன் ஏறமுடியாமல் மூட்டைகளைத் தலையில் சுமந்த குடும்பங்களை நான் அறிவேன்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையில் உறைபனி உண்டு. அதிலும் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் மிகுதி. காந்தல் குருசடிக்கு நேர்ச்சையாகச் செல்லும் நம் மக்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். குளிருக்காக அறைக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ கரியடுப்பு வைக்கவே கூடாது. நிறமோ மணமோ இல்லாத நச்சுவாயு உறக்கத்திலேயே கொன்றுவிடும். 2024ஆம் ஆண்டில் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரியை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கிய இளைஞர்கள் இருவர் அவ்வாறே மாண்டனர். ஓட்டுநர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தணலை உள்ளே வைத்துக்கொள்ளத் துணிவது, நாம் அவருக்கு வேறு வழி வைக்காதபோதுதான்.

இனி ஊர்களைப்பற்றி. உதகை நகருக்குள்ளேயே தங்கவேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை என்பது என் கருத்து. சேரிங்கிராஸ், கமர்ஷியல் சாலைப் பகுதிகளில் மே மாதத்தில் வேன் நிறுத்த இடம் தேடுவதே ஒரு நாள் வேலையாகிவிடும். மாலையில் பூங்காவைப் பார்த்துவிட்டுக் குன்னூருக்கோ கேத்தி, லவ்டேல் பக்கத்துக்கோ வந்து தங்குவது எளிது. நான் மிகவும் விரும்புவது கோத்தகிரியை. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர். அங்கிருந்து உதகை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நெரிசல் குறைவு, குளிரும் உதகையைவிடச் சற்றுத் தாங்கக்கூடியது. கோடைக்காலத்தில் ஏறும் வாகனங்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குவனவற்றைக் கோத்தகிரி வழியாகவும் காவல் துறையினர் திருப்பிவிடுவது வழக்கம். எனவே முதல் நாள் உதகை, இரண்டாம் இரவு கோத்தகிரி, மறுநாள் இறக்கம் என்று வைத்துக்கொண்டால் வழியும் ஒத்துவரும். ஆனால் குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். இருட்டுமுன் அவ்விடத்தைக் கடந்துவிடவேண்டும்.

கோத்தகிரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நம் கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி முதலில் தங்கியது உதகையில் அன்று, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில். 1822இல்தான் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஏரி, சாலை, உருளைக்கிழங்கு என்று பின்னால் வந்தவற்றையெல்லாம் எழுதப் புகுந்தால் தங்குமிடத்தை மறந்துவிடுவோம்.

இளைஞர்கள் சிலர் மசினகுடிப் பக்கம் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. சீகூர்ப் பீடபூமி யானைகள் இடம்பெயரும் வழி. அங்கு எழும்பிய விடுதிகள் தொடர்பான வழக்கில், யானை வழித்தடத்தை அறிவித்த தமிழக அரசின் ஆணையை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்கு அடுத்த ஜனவரியில், விடுதி ஒன்றின் அருகே வந்த யானைமீது எரியும் பொருளை வீசியதும், காது கருகிய அந்த யானை பின்னர் இறந்ததும் நாடறிந்த செய்தி. அதே மாதம் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே கூடாரத்தில் தங்கிய ஒரு பெண்ணை யானை கொன்றது. யார் வழியில் யார் குறுக்கே நின்றார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். அங்கே போகத்தான் வேண்டுமென்றால், விடுதிக்கு உரிமம் உண்டா என்று விசாரித்தறிய வேண்டும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் குறுக்குவழியை நினைக்கவே வேண்டாம். முப்பத்தாறு வளைவுகள் கொண்ட அச்சாலையில் 2018ஆம் ஆண்டு கார் ஒன்று வீழ்ந்து பல உயிர்கள் போனபின், வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது.

சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில், உதகைக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. புறப்படுமுன் அப்போதைய விதியைக் கேட்டறிந்து பதிவு செய்துகொள்வது நலம். அதில் தங்குமிடத்தையும் குறிக்கவேண்டியிருப்பதால், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கம் இனி உதவாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் நீலகிரியில் தடையுண்டு. எவர்சில்வர்த் தூக்கும் கூஜாவும் எடுத்துச் செல்லுங்கள். சாலையோரக் காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். கட்டுச்சோறு குளிரில் நன்றாகவே இருக்கும்.

அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் நாற்பது கிலோமீட்டர்தான். இவ்வளவு அருகில் இருந்துகொண்டு சனி இரவே புறப்படுவதில் என்ன லாபம்? ஓட்டுநர் அன்றிரவு தம் வீட்டில் உறங்கட்டும். ஞாயிறு காலை முதல் திருப்பலி முடிந்து புறப்பட்டாலும் மதிய உணவை மலைமேல் உண்ணலாம். திங்கட்கிழமை விடுப்புக் கிடைக்காதவர்கள் அடுத்த விடுமுறைக்காகக் காத்திருப்பதே மேல்.

சென்ற மே மாதத்தில் ஒரு குடும்பத்தார் என் அறையிலிருந்தே விடுதிகளுக்குத் தொலைபேசியில் பேசினர். கணவர் தையல் டேபிளில் இருப்பவர். மனைவி செக்கிங் வேலை. முதல் விடுதியில் ஓட்டுநர் கட்டிலைப்பற்றிக் கேட்டதும் மறுமுனையில் சிரித்தார்கள். இரண்டாவது இடத்தில், "அதெல்லாம் யாருங்க கேட்கறாங்க, வண்டியிலயே படுத்துக்குவாங்க" என்றனர். கணவர் சம்மதித்துவிடும் முகமாயிருந்தார். மனைவி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கி, "அப்பிடீன்னா எங்களுக்கு வேண்டாமுங்க" என்று வைத்துவிட்டு, "எங்க தம்பியும் வேன்தான் ஓட்டறானுங்க சாமி" என்று என்னிடம் சொன்னார்.

மூன்றாவதாகப் பேசியது கோத்தகிரியில் ஒரு சிறு விடுதி. உரிமையாளர் சற்று யோசித்துவிட்டு, சமையலறையை ஒட்டி ஓர் அறை இருக்கிறது, அடுப்புச் சூட்டில் கதகதப்பாயிருக்கும், கட்டிலும் இரண்டு கம்பளியும் போட்டுத் தருகிறேன், தனி வாடகை வேண்டாம் என்றார். வாடகை முதலிரண்டு இடங்களைவிட நானூறு ரூபாய் கூடுதல். பதினான்கு பேரும் பங்கிட்டுக்கொண்டனர். திரும்பும் நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கே மலையிலிருந்து புறப்பட்டு, வெளிச்சம் மங்குமுன் அன்னூரில் வண்டியை நிறுத்தி எல்லாரும் தேநீர் குடித்ததாகவும், ஓட்டுநர் தம் காசில் பிள்ளைகளுக்குப் பன் வாங்கிக்கொடுத்ததாகவும் பிறகு வந்து சொன்னார்கள்.